கயிற்றுக்கு உள்ளே வேலை பார்த்தவர்கள்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ துணையின்றி முதலில் போகும் இடம் கோயிலாகத்தான் இருக்கும் என்று உன் தங்கை இங்கே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீயோ ஜெர்சி நகரத்தில் பாத் ரயிலேறி ஆற்றைக் கடந்து மன்ஹாட்டனுக்குப் போய், மேற்கு 54ஆம் தெருவில் 254ஆம் எண் கட்டடத்தின் முன்னால் கைத்தடியோடு கால் மணி நேரம் நின்றிருக்கிறாய். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். உன் தங்கையிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

நீ அங்கே போனதற்குக் காரணம், அந்தக் கட்டடத்தில் 1970களின் இறுதியில் இருந்த ஸ்டுடியோ 54 என்ற டிஸ்கோ நடன விடுதியைப் பற்றிய ‘54’ என்ற படம் என்பதும், அந்தப் படம் உனக்குப் பிடிக்கவில்லை என்பதும் அடுத்த பக்கத்தில்தான் தெரிந்தது. "விருந்து என்று அழைத்துவிட்டு இலையில் அப்பளம் மட்டும் வைத்ததுபோல் இருந்தது" என்று எழுதியிருந்தாய். நீ சொல்வது சரிதான். ஆனால் நீ பார்த்தது 1998 ஆகஸ்டில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம். இயக்குநர் மார்க் கிறிஸ்டோபர் எடுத்து முடித்த படம் அது அன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்று, நடிகர்களும் அவர்களே, கதையின் தொடக்கமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டையும் பார்த்தவன் என்ற உரிமையில் இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தை நான் கலை நோக்கோடு பார்க்கவில்லை. 1984இல் பெங்களூரில் அந்த விடுதியின் நிலத்தடி டிஸ்கோவில் நீயும் நானும் எச்சில் தட்டும் கண்ணாடிக் குவளையும் பொறுக்கிய பதினான்கு மாதங்களின் கண்ணோடுதான் பார்த்தேன். சனிக்கிழமை இரவுகளில் மேலே சுழன்றுகொண்டிருந்த கண்ணாடி உருண்டையை ஞாயிறு காலையில் ஏணி போட்டு நாம் துடைப்போமே, உனக்கு நினைவிருக்கிறதா? கூரை விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தால் அது வெறும் ஞெகிழி உருண்டை. பல இடங்களில் சில்லு உதிர்ந்து, காய்ந்த பசை தழும்பாகத் தெரியும். சுவரோரம் தரைவிரிப்பு பீர் ஊறிப் புளித்து நாறும். உடைந்த குவளைக்கு நம் சம்பளத்தில் பிடித்தார்கள். உடைத்தவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் பார்த்தவனுக்கு, ‘54’ படத்தில் ஆடுகிறவர்களைவிடத் துடைக்கிறவர்கள்தான் கண்ணில் படுவார்கள். கிறிஸ்டோபரின் படமும் அவர்களைப் பற்றியதுதான். வெளியான படத்தில் தேய்த்து மழுப்பப்பட்டதும் அதுவே.

கதாநாயகன் ஷேன் ஓஷே நீ இப்போது இருக்கும் ஜெர்சி நகரத்துப் பையன். பெட்ரோல் போடும் வேலையில் இருப்பவன். ரயன் ஃபிலிப்பி நடித்திருக்கிறார். நண்பர்களோடு ஆற்றைக் கடந்து வந்து அந்த வாசலில் நிற்கிறான். உள்ளே விட மறுக்கிறார்கள். உரிமையாளர் ஸ்டீவ் ரூபெல் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தச் சட்டையோடு வரக்கூடாது என்கிறார். பையன் சட்டையைக் கழற்றுகிறான், வாசலை மறித்துக் கட்டிய கயிறு விலகுகிறது, கூட வந்த நண்பர்கள் வெளியிலேயே நிற்கிறார்கள். ஒரு நிமிடக் காட்சிதான். உள்ளே போவதற்கு அவன் கொடுத்த விலை என்ன, யாரை விட்டுவிட்டுப் போனான் என்ற இரண்டும் அதிலேயே முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு அவன் செய்வதெல்லாம் அந்தச் சட்டையின் தொடர்ச்சிதான்.

நிஜ வாசலும் இதைவிட நல்லதாக இருக்கவில்லை. 1977 ஏப்ரல் 26 அன்று திறந்த ஸ்டுடியோ 54இன் வெல்வெட் கயிற்றுக்கு அந்தப் பக்கம் யார் போவது என்பதை ரூபெலும் வாசற்காவலில் நின்ற இளைஞர்களுமே முடிவு செய்தார்கள். பணமும் அதற்கு உத்தரவாதமில்லை. அந்த ஆண்டின் கடைசி நாள் இரவில், ‘ஷீக்’ இசைக்குழுவின் நைல் ரோஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்ததால் போய் நின்று, பட்டியலில் பெயரில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த நடனப்பாட்டுகளில் அவர்கள் செய்ததும் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. வீட்டுக்குப் போய் வாசற்காவலனைத் திட்டும் வசையையே பல்லவியாக்கி ஒரு மெட்டுப் போட்டார்கள். வசையை எடுத்துவிட்டு வேறு சொல் வைத்தபோது அது ‘லே ஃப்ரீக்’ ஆகி, 1978இல் அமெரிக்காவின் முதலிடப் பாடலானது. டிஸ்கோ என்பதே நியூயார்க்கின் கறுப்பினத்தாரும் லத்தீன் அமெரிக்கரும் ஓரினச் சேர்க்கையாளர்களும் தங்களுக்கென்று வைத்திருந்த சிறிய கூடங்களில் வளர்ந்த ஆட்டம். அது புகழின் உச்சிக்கு வந்த இடத்தில் வாசலுக்குக் கயிறு கட்டினார்கள்.

நீ வெளியே நின்று பார்த்த கட்டடத்தின் உள்ளமைப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1927இல் அதை ஓபரா அரங்காகக் கட்டினார்கள். பிறகு பல கை மாறி, 1940களிலிருந்து சிபிஎஸ் நிறுவனத்தின் வானொலிக் கூடமாகவும் பிறகு தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் கூடமாகவும் இருந்தது. அப்போது அதற்கு ஸ்டுடியோ 52 என்று பெயர். ரூபெலும் அவருடைய கல்லூரி நண்பர் இயன் ஷ்ரேகரும் வந்தபோது, நாடக மேடையில் திரைச்சீலையும் காட்சித் தட்டிகளும் ஏற்றி இறக்கும் கயிறும் கப்பியும் அப்படியே இருந்தன. அதுதான் அவர்களின் மூலதனம். ஆட்டக்காரர்கள் மேடையிலும் அதன் கீழிருந்த தளத்திலும் ஆட, தலைக்கு மேலே காட்சிகள் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தன. பிறைநிலவின் முகத்துக்குக் கரண்டியில் கொக்கெய்ன் போவதுபோன்ற அந்தப் பெயர்பெற்ற விளக்குப் படமும் அப்படி இறங்கியதுதான். மேல்மாடி இருக்கைகளும் அப்படியே கிடந்தன. அங்கே என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் பெங்களூர் மாடிப்படியின் அடியில் நடந்ததுதான், அதைவிடக் கூடுதலாக. படம் பெரும்பாலும் டொராண்டோவில் எடுக்கப்பட்டது என்றாலும், கூடத்தின் அந்த உயரத்தைக் கிறிஸ்டோபர் ஓரளவு கொண்டுவந்திருக்கிறார்.

இனி வேலையாட்களுக்கு வருகிறேன். ஷேன் உள்ளே மேசை துடைக்கும் பையனாகச் சேர்கிறான். மேலே சட்டையில்லை, கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுவதுபோன்ற குட்டைக் கால்சட்டை; நிஜத்திலும் அவர்களுக்கு அதுதான் சீருடை. அவனுக்கு முன்பே அங்கே வேலை பார்ப்பவன் கிரெக் (பிரெக்கின் மேயர்). அவன் மனைவி அனிடா (சல்மா ஹாயெக்) வாசலருகே விருந்தினரின் கோட்டுகளை வாங்கி வைப்பவள், பாடகியாக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவள். இந்த மூவருக்கும் நடுவில்தான் படம் இருக்கிறது. பார் மேசைக்குப் பின்னால் நிற்கும் வேலை பெரிது. அங்கே சன்மானம் அதிகம், எல்லோர் கண்ணும் படும். அந்த வேலைக்கு ரூபெல் கிரெக்கிடம் கேட்கும் விலை உடல். அவன் மறுக்கிறான், வேலை ஷேனுக்குப் போகிறது. மறுத்தவன் தட்டோடு நின்றுகொண்டு, தான் கூட்டிவந்து தன் வீட்டிலேயே தங்கவைத்த நண்பன் மதுக்கலவை குலுக்குவதைப் பார்க்கிறான். நமக்கு முன்பு பாருக்கு உயர்ந்த அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். அவன் கெட்டவன் அல்லன். ஊரில் மூன்று தங்கைகள். ஆனால் அதன் பிறகு நம்மோடு அவன் சாப்பிட உட்கார்ந்ததில்லை, நாமும் கூப்பிடவில்லை.

கிறிஸ்டோபர் எடுத்த படத்தில் ஷேன் அப்படிப்பட்டவன்தான். தன் அழகை ஒரு தொழில்கருவியாகத் தெரிந்துவைத்திருப்பவன். ஆணோ பெண்ணோ, தேவைப்பட்டவரிடம் அதை நீட்டுபவன். அனிடாவையும் நாடுகிறான், கிரெக்கையும் முத்தமிடுகிறான். படத்தை வெளியிட்ட மிராமாக்ஸ் நிறுவனம், வெளியீட்டுக்கு முன்பே நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் அதைப் போட்டுக் காட்டியபோது பார்வையாளர்கள் இதை விரும்பவில்லை. முத்தத்தையும் அந்த மூவர் உறவையும் வெட்டச் சொன்னது நிறுவனம். வெட்டிய இடத்தை நிரப்ப ஏறக்குறைய அரை மணி நேரம் புதிதாக எடுக்கப்பட்டது. தொலைக்காட்சித் தொடர் நடிகை ஜூலி பிளாக்காக வரும் நெவ் கேம்பலின் பகுதி பெருத்தது, ஷேனுக்கு ஒரு நல்ல காதல் வாய்த்தது, நடந்ததை எல்லாம் உட்கார்ந்து விளக்கும் அவனுடைய குரலும் சேர்ந்தது. அதைத்தான் நீ பார்த்தாய். நீ அப்பளம் என்று சொன்னது அந்த ஒட்டுப் போட்ட நல்ல பையனை. தவறு செய்பவனைக் காட்டலாம், ஆனால் அவன் வருந்துவதைச் சேர்த்தே காட்ட வேண்டும் என்ற இந்தப் பயம் எங்கும் உள்ளதுதான். இங்கே மட்டும் குறைவா என்ன?

அதற்குப் பின் பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பழைய வடிவம் பேச்சில் மட்டும் இருந்தது. கைமாற்றிக் கைமாற்றி மங்கிப்போன பிரதிகளைச் சிலர் பார்த்தார்கள். 2015 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் கிறிஸ்டோபரின் படம் கடைசியில் திரைக்கு வந்தது: பிற்சேர்க்கைகள் நீக்கப்பட்டு, வெட்டப்பட்ட 36 நிமிடங்கள் மீண்டும் சேர்க்கப்பட்டிருந்தன. நான் பார்த்தது இதை. சில துண்டுகள் மட்டும் நிறம் மங்கி நிற்கின்றன. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. எது வெட்டுப்பட்டுப் போய்த் திரும்பி வந்தது என்று அந்த மங்கலே சொல்லிவிடுகிறது.

இரண்டு வடிவத்திலும் சேதமில்லாமல் தப்பியவர் ரூபெலாக நடித்த மைக் மையர்ஸ். கோமாளி வேடங்களில் பார்த்துப் பழகிய முகம் என்பதால் முதலில் ஏளனம் என்று நினைத்தேன். மூக்கடைத்ததுபோன்ற குரல், எல்லோரையும் தோளில் கைபோட்டு இழுக்கும் அன்பு, அடுத்த நொடியே வாசலைக் காட்டும் குரூரம், இவற்றை ஒரே மூச்சில் கொண்டுவருகிறார். நமக்குச் சம்பளம் கொடுத்த அந்த மேலாளரும் இப்படித்தான். தீபாவளிக்கு நம் இருவருக்கும் சட்டைத்துணி எடுத்துத் தந்தவரும் அவர்தான், காய்ச்சலோடு வந்த உன்னை அடுத்த வாரமே ஒரு நாள் சம்பளமில்லாமல் திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

படம் விட்டுவிட்டது இயன் ஷ்ரேகரை. இருவர் நடத்திய இடத்தில் ஒருவர் மட்டுமே இருப்பதால் பணக் கணக்கு சற்றுக் கதைபோல ஆகிவிடுகிறது. நிஜத்தில் கணக்குத்தான் அவர்களைக் கவிழ்த்தது. தங்களைவிட அதிகமாகச் சம்பாதிப்பது மாஃபியா மட்டும்தான் என்ற பொருளில் ரூபெல் வெளியில் பெருமை பேசினார். 1978 டிசம்பரில் வரித்துறை உள்ளே நுழைந்தது. 25 லட்சம் டாலர் அளவுக்குக் கணக்கில் காட்டாமல் எடுத்ததாக வழக்கு. 1980 ஜனவரியில் இருவருக்கும் மூன்றரை ஆண்டுத் தண்டனை, பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு விடைபெறும் விருந்து, அதன் பின் சிறை. ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்துவிட்டு வந்து இருவரும் ஓட்டல் தொழிலில் இறங்கினார்கள். ரூபெல் 1989இல் தம் நாற்பத்தைந்தாம் வயதில் இறந்தார். ஷ்ரேகருக்கு 2017 ஜனவரியில் அதிபர் ஒபாமா மன்னிப்பு வழங்கினார். குட்டைக் கால்சட்டைப் பையன்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் அவ்வளவு அக்கறையாகக் குறித்துவைக்கவில்லை.

2015இல் வந்த வடிவத்திலும் குறை இல்லாமல் இல்லை. ஆட்டத்தைப் படம்பிடிப்பதில் கிறிஸ்டோபருக்குப் பொறுமை போதவில்லை. கால்களைப் பார்க்கும் முன்பே காட்சி மாறிவிடுகிறது. டிஸ்கோ டாட்டி என்ற கிழவி வரும் இடங்களில் மட்டும் கேமரா சற்று நிற்கிறது. நிஜத்தில் அங்கே இரவெல்லாம் ஆடிய, கணவரை இழந்த முதிய வழக்கறிஞர் ஒருவர்தான் அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி. டிஸ்கோ சாலி என்று அவரை அழைத்தார்கள்.

உன் மகனிடம் சொல்லி 2015ஆம் ஆண்டு வடிவத்தைத் தேடிப் போடச் சொல். நேரம் 106 நிமிடம் என்று காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள், இல்லையென்றால் மறுபடியும் அப்பளமே வரும். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அந்தக் கட்டடம் இப்போது மறுபடியும் நாடக அரங்கு என்று எழுதியிருந்தாய். படம் வெளிவந்த அதே 1998இன் நவம்பரில் ஓர் இசை நாடகம் அங்கே குடிவந்தது, அன்றிலிருந்து நாடகம்தான். அடுத்த முறை வாசலோடு திரும்பாதே. எந்த நாடகமானாலும் சரி, மாடி இருக்கைக்கு ஒரு சீட்டு வாங்கு. மலிவாகவும் இருக்கும், முழங்காலுக்குப் படி அதிகம் என்றால் மின்தூக்கி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள். இடைவேளையில் மேலே நிமிர்ந்து பார்த்து, அந்தக் கயிறும் கப்பியும் கண்ணில் படுகின்றனவா என்று எனக்கு எழுது. வாசலில் சீட்டுக் கிழிக்கிறவரிடமும் நாலு வார்த்தை பேசு.

உன்
சண்முகம்