சேவியருக்கு, ரெய்க்யாவிக்கிலிருந்து

அன்புள்ள சேவியர்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே இப்போது இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம். தூக்கம்தான் வருவதில்லை.

ஐஸ்லாந்தின் பழைய சாமிகளான ஓடினையும் தோரையும் கும்பிடுகிறவர்களுக்கு உங்கள் கிறிஸ்தவ சபைமேல் கோபம் இருக்காதா என்று கேட்டிருந்தாய். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்தச் சாமிகளைக் கும்பிடுகிறவர்களின் அசாத்ரூ சங்கத்தில் இருக்கிறார். ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன் என்ற விவசாயக் கவிஞரும் நண்பர்களும் 1972-இல் தொடங்கிய சங்கம் அது. மறுவருடமே அரசு அங்கீகரித்துவிட்டது.

கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. 1000-ஆம் ஆண்டுவாக்கில் நார்வே ராஜா ஐஸ்லாந்துக்காரர்களைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு மதம் மாறச் சொல்லி நெருக்கினார். திங்வெட்லிர் என்ற இடத்தில் கூடிய நாட்டு மன்றத்தில், சட்டம் சொல்லும் பொறுப்பில் இருந்த தோர்கெயிர், அவரே பழைய சாமிகளைக் கும்பிட்டவர், ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு, எல்லோரும் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்குள் ரகசியமாகப் பலி கொடுத்தால் குற்றமில்லை என்றார்கள். சில வருடங்களில் அதுவும் போயிற்று. இதைச் சொல்லும்போது நண்பரின் குரல் இன்னும் மாறுகிறது.

ஆனால் அவர் அம்மா லூத்தரன் சபைப் பாடகர் குழுவில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இவர்தான் காரில் கூட்டிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். ஏப்ரலில் இவர்களுடைய கோடைச் சடங்குக்கு அம்மாவும் வந்தார், நல்ல குளிர். பானக் கொம்பு கைமாறி வந்தபோது அவர் தோர் பெயரைச் சொல்லவில்லை. "முன்னோர்களுக்கு" என்று சொல்லி ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. இவர்கள் பாடும் எட்டா பாடல்களில், அதாவது அந்தப் பழைய சாமிகளையும் வீரர்களையும் பற்றிய பாடல்களில், பெரும்பகுதி ஒரே ஒரு பழைய ஏட்டில்தான் மிஞ்சியது. கிறிஸ்தவ ஊரில், 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஏடு. 1643-இல் அது கையில் கிடைத்துக் காப்பாற்றியவர் பிரின்யோல்ஃபுர் என்ற பிஷப்! பிறகு டென்மார்க் ராஜாவுக்குப் போய், 1971-இல்தான் கப்பலில் திரும்பி வந்தது. துறைமுகத்தில் பெரும் கூட்டம். அதற்கடுத்த வருடம்தான் சங்கம் பிறந்தது. பிடுங்கியவர்களும் காத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன். நண்பரும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்.

கையடக்கமான ஏடு, சேவியர், பழுப்பேறிய தோல். நீ வரும்போது மூன்று பேரும் போய்ப் பார்ப்போம். டிக்கெட் எப்போது போடுகிறாய்?

அன்புடன்,
குமார்