மூளை வளர்ந்த கதையில் மணிக்கணக்கையும் சேருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் அறிவியல் பக்கத்தில் 'ஜிபிஎஸ் பார்த்தால் மூளை சுருங்கும்' என்ற கட்டுரையை வாசித்தேன். வாசிக்க வைத்தார்கள் என்பதுதான் சரி. நான் லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்டுகிற யாழ்ப்பாணத்து ஆள். லண்டன் டாக்சிச் சாரதிகள் கட்டுரையில் வருவதால் சொந்தக்காரர் எல்லாரும் அதை எனக்கு அனுப்பிவிட்டார்கள். 'அண்ணை, உங்களுக்கு மூளை பெருசாம்' என்று பகிடி வேறு. கட்டுரையில் பாதி சரி. மிச்சப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 'அமெரிக்க விஞ்ஞானிகள்' என்று போட்டு, மஞ்சள் நியூயார்க் டாக்சியின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். டாக்சிச் சாரதிகளின் மூளையை ஆராய்ந்த அந்த ஆய்வு நடந்தது லண்டனில். செய்தவர் எலனோர் மகுவையர் என்ற அயர்லாந்துப் பெண்மணி, யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பேராசிரியராக இருந்தவர். 2025 ஜனவரியில் காலமானார். அதே பல்கலைக்கழகத்தில்தான் 1971இல் ஜான் ஓ'கீஃப், நினைவுக்கும் வழி அறிவதற்கும் முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், ஓர் எலி பெட்டிக்குள் குறிப்பிட்ட ஓரிடத்துக்குப் போகும்போது மட்டும் துடிக்கிற செல்களைக் கண்டுபிடித்தார். ஒரு செல்லுக்கு ஒரு மூலை, இன்னொன்றுக்கு இன்னொரு மூலை. 2005இல் நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் மோசர் தம்பதியின் குழு அதற்குப் பக்கத்துப் பகுதியில் வேறுவகைச் செல்களைக் கண்டது. அவை ஓரிடத்தில் மட்டும் துடிக்காமல், தரை முழுவதும் சம இடைவெளியில், முக்கோணம் முக்கோணமாகப் புள்ளி வைத்ததுபோல் பல இடங்களில் துடித்தன. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓ'கீஃப் பிறந்தது நியூயார்க் என்பதால் அந்த மஞ்சள் டாக்சியைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். லண்டன் டாக்சிச் சாரதியாவதற்கு எழுத வேண்டிய பரீட்சைக்கு 'நாலெட்ஜ்' என்று பெயர். எழுதுவது கொஞ்சம்தான், வாயால் சொல்வதுதான் முழுக்க. லண்டன் நடுவில் இருக்கும் சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களைத் தலைக்குள் ஏற்ற வேண்டும். 'புளூ புக்' என்ற பாடப்புத்தகத்தில் 320 பாதைகள். முதல் பாதை மேனர் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து கிப்சன் ஸ்குவேர் வரை. லண்டனில் எந்த டாக்சிக்காரரை எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார். பாதையின் இரண்டு முனையிலும் கால் மைல் சுற்றுக்குள் இருக்கிற ஆஸ்பத்திரி, நீதிமன்றம், நாடக அரங்கு, தூதரகம், சாப்பாட்டுக் கடை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

பகலில் ஸ்கூட்டரின் கைப்பிடியில் பாதை எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டு மழையில் அலைவோம். இரவில் சுவரில் ஒட்டிய பெரிய வரைபடத்தில் இரண்டு இடத்துக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடிப்போம். அந்த நூலை விட்டு அதிகம் விலகாத தெருக்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு எதிரே ஒருவரை உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு திருப்பமாக ஒப்பிப்போம். இதை 'கால் ஓவர்' என்போம். பரீட்சைக்குக் கோட்டும் டையும் போட்டுப் போய் அதிகாரி முன்னால் உட்கார்ந்தால், அவர் இரண்டு இடத்தின் பெயரை மட்டும் சொல்வார். அங்கிருந்து இங்கு வரை நாங்கள் வாயாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் 56 நாளுக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள், பிறகு 28, கடைசியில் 21. என் மனிசி சில பாதைகளை இன்றைக்கும் பாடமாகச் சொல்வார். அவர் கார் ஓட்டுவதில்லை.

மகுவையர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 16 டாக்சிச் சாரதிகளின் மூளையை ஸ்கேன் செய்து மற்றவர்களோடு ஒப்பிட்டார். 'மூளை பெரிதாக இருந்தது' என்கிறது தங்கள் கட்டுரை. அப்படி யாரும் சொல்லவில்லை. நான் மேலே சொன்ன ஹிப்போகாம்பஸின் பின்பக்கம் மட்டும் பெரிதாக இருந்தது. அதே ஹிப்போகாம்பஸின் முன்பக்கம் மற்றவர்களைவிடச் சிறிதாக இருந்தது. மொத்த அளவில் வித்தியாசமே இல்லை! 2006இல் பஸ் சாரதிகளோடு ஒப்பிட்டபோதும் இதே வித்தியாசம் தெரிந்தது. அவர்களும் அதே நெரிசலில், அத்தனை வருடம் ஓட்டியவர்கள். ஆனால் பஸ் போவது ஒரே வழித்தடத்தில். அதே ஆய்வில் டாக்சிச் சாரதிகள் ஒரு விஷயத்தில் பின்தங்கினார்கள். சிக்கலான ஒரு கோட்டுப் படத்தைக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னால் எங்களுக்கு அவ்வளவாக வராது. கிடைத்ததை எழுதினீர்கள், கொடுத்த விலையை விட்டுவிட்டீர்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தந்தது 2011 ஆய்வைப் பற்றிய அந்த ஒற்றை வரி: 'பரீட்சையில் தோற்றவர்களின் மூளை வளரவில்லை.' வாசிக்கிறவர், சிலருக்கு மூளை வளரும், சிலருக்கு வளராது, எல்லாம் பிறவிப் பலன் என்றுதானே நினைப்பார்? கேத்தரின் வூலெட்டும் மகுவையரும் செய்த அந்த ஆய்வில் 79 பேர் பயிற்சி தொடங்கும்போதே ஸ்கேன் செய்யப்பட்டார்கள். அப்போது அவர்களுக்குள் வித்தியாசமே இல்லை. மூன்று நான்கு வருடம் கழித்துத் தேறியவர்கள் 39 பேர். அவர்களுக்கு மட்டும் பின்பக்கம் வளர்ந்திருந்தது. தேறியவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 34 மணி நேரத்துக்கு மேல் படித்தவர்கள். தேறாதவர்கள் படித்தது அதில் பாதிதான். இதுவும் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

வாரம் 34 மணி நேரம் என்றால் ஒரு முழுநேர வேலை. சம்பளம் கிடையாது. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் வேறு. என்னோடு கால் ஓவர் செய்த ஒருவர் இரவில் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றுவிட்டு, காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அதன் பிறகுதான் ஸ்கூட்டரை எடுப்பார். 'சிட்டி' என்ற பழைய லண்டன் பகுதியின் ஒழுங்கைகள் என்னைவிட அவருக்கு வடிவாகத் தெரியும். இரண்டாவது குழந்தை பிறந்ததோடு விட்டுவிட்டார். தங்கள் கட்டுரைக் கணக்கில் அவர் 'மூளை வளராத' பட்டியலில் வருவார். எனக்கு மணிக்கணக்கு கிடைத்ததற்குக் காரணம் மனிசியின் சம்பளம். இயற்கையான திறமைக்கும் ஒரு பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கணக்கை மறைத்துவிட்டுத் திறமையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

சரி, ஜிபிஎஸ்ஸுக்கு வருவோம். கட்டுரை ஆதாரமாகக் காட்டுவது 2017இல் மூளை ஆய்வாளர் ஹியூகோ ஸ்பியர்ஸின் குழு செய்த ஆய்வு. 24 பேர் ஸ்கேனருக்குள் படுத்தபடி லண்டன் சோஹோ தெருக்களில் திரையில் 'நடந்தார்கள்'. தாங்களே வழி தேடியபோது ஒவ்வொரு புதுத் தெருவுக்குள் நுழையும்போதும் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. அங்கிருந்து போகக்கூடிய வழிகள் எத்தனை அதிகமோ அத்தனை சுறுசுறுப்பு. திரும்பு, நேரே போ என்று கருவி சொன்னபடி நடந்தபோது அந்த ஏற்ற இறக்கம் இல்லை. அவ்வளவுதான். சுருங்கியதா என்று அந்த ஆய்வில் யாரும் அளக்கவே இல்லை. ஏழு தெரு கூடும் செவன் டயல்ஸ் சந்தியில் என் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியும், அதற்கு ஸ்கேனர் தேவையில்லை. ஆனாலும் என் டாக்சியிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. எந்த றோட்டை மூடியிருக்கிறார்கள் என்று பார்க்கவும், ஹீத்ரோவுக்கு அப்பால் யாராவது கூப்பிட்டால் போகவும் அதுதான் துணை.

கடைசிப் பத்தியில் 'டாக்சி ஓட்டினால் மறதி நோய் வராது' என்பதும் அப்படித்தான். 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வு, ஏறத்தாழ 90 லட்சம் அமெரிக்க இறப்புப் பதிவுகளை 443 தொழில்கள் வாரியாகப் பிரித்துப் பார்த்தது. டாக்சிச் சாரதிகளும் ஆம்புலன்ஸ் சாரதிகளும் அல்சைமர் என்ற மறதி நோயால் இறந்த விகிதம் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் சாரதி வேலைதான் அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது என ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஞாபகம் குறையத் தொடங்கியவர் தானாகவே ஸ்டியரிங்கை விட்டு இறங்கியிருக்கலாம் அல்லவா? தவிர, அந்த அமெரிக்கச் சாரதிகள் எங்கள் நாலெட்ஜ் படித்தவர்களும் இல்லை.

எனவே 34 மணி நேரக் கணக்கையும், முன்பக்கம் சிறுத்த செய்தியையும் ஒரு திருத்தமாகவாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் லண்டன் நிருபர் விரும்பினால் ஓர் இரவு கால் ஓவர் வகுப்புக்கு அழைத்துப் போகிறேன். படிக்கிற பெடியன்கள் வெட்கப்படுவார்கள், கமரா மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
லண்டன் டாக்சிச் சாரதி ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)