கட்டைவிரல் தேய்ந்தவர்களுக்கும் வழி விடுங்கள்: எங்கள் கூட்டுறவு சங்க நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய சங்க நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சங்கத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ இங்கே நான் எழுதவில்லை. வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டாவது பத்திக்கு வரும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். என்னையும் உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு ஆடி மாதம் நீங்கள் அழைத்துப் புதிய கணினி ஏற்பாட்டைப் பற்றிக் கருத்துக் கேட்ட தொழில்நுட்ப ஆலோசகர் நான்தான். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதன் மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு பத்தியைத்தான் இப்போது ஊரறிய மறுபடியும் எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை அம்மாவின் பங்குத்தொகை விஷயமாக உங்கள் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எங்கள் தெருக்கோடி அத்தை. எழுபது வயது தாண்டியவர். ஐப்பசியில் சம்பாவுக்கு உரம் வாங்க இரண்டு பவுன் வளையல்களை உங்களிடம் அடகு வைத்திருந்தார். நெல் விற்ற பணம் வந்ததும் அசலையும் வட்டியையும் எண்ணி, மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு மீட்க வந்திருந்தார். பேத்திக்கு வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். பாட்டி கையால் போட வேண்டிய வளையல் அது.

நகையை மீட்க வருபவர் யார் என்று சரிபார்க்கும் விரல்ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு. கூந்தலில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்துப் பார்த்தார். இடக்கை, வலக்கை என்று பத்து விரலும் பார்த்தாயிற்று. பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அந்தக் கையை நான் பிடித்துப் பார்த்தேன். ரேகை ஓட வேண்டிய இடம் கொத்தாமல் விட்ட அம்மிக்கல் போல வழவழவென்று இருந்தது. எட்டு வயதிலிருந்து நாற்றுப் பறித்து, முடிச்சவிழ்த்து, சேற்றுக்குள் குத்திக் குத்தி நட்ட விரல். குறுக்கே ஓர் அரிவாள் வெட்டு ஆறி வெளுத்துக் கிடந்தது. நகக்கண்ணில் உளுந்தஞ்செடியின் பச்சைக்கறை. அன்று விடியற்காலையில் இரண்டு மணி நேரம் உளுந்து பறித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தார்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவரை இருபது ஆண்டுகளாக அறிந்தவர். தம் மகள் கல்யாணத்துக்கு அத்தை வந்து மொய் எழுதியதை அவர் மறந்திருக்க மாட்டார். தலையைக் குனிந்துகொண்டே, "சிஸ்டம் ஏற்கவில்லை அத்தை, அடுத்த வாரம் வந்து பாருங்கள்" என்றார். அத்தை என் பக்கம் திரும்பி, "விரல் தேய்ந்துபோனால் ஆளே இல்லையென்று ஆகிவிடுமா பாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இது நான்காவது முறை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து இருப்பதால் டிக்கெட் செலவு இல்லை. ஆனால் உளுந்து பறிப்புக் காலத்தில் நான்கு நாள் கூலி போய்விட்டது. அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பணத்தை எடுத்துக்கொண்டு வந்து கட்ட முடியாமல் திரும்பிப்போன நாட்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கட்ட வந்தவரிடம் வாங்க மறுத்தது சங்கம். வட்டி மட்டும் அவர் தலையில். இதை உங்கள் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

எழுத்தரை நான் குறை சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அத்தையைத் தெரிகிறது. தெரியும் என்று சொல்லும் அதிகாரம்தான் அவர் கையில் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. விரல்ரேகை விழாதபோது ஆளைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தை சன்னலில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரும்பக் கொடுங்கள்.

இந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 2021இல் ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்கள் தள்ளுபடி என்று மாநில அரசு அறிவித்த பிறகு, மாநிலத்தின் பல இடங்களில் நடந்திருந்த முறைகேடுகள் வெளியே வந்தன. ஒருவர் பெயரில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்று நீங்கள் நினைத்தது சரிதான். கணினி வேண்டாம் என்று சொல்பவளும் நான் அல்லள். 2022 ஜூனில் நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அதுதான் என் பிழைப்பு, என் நம்பிக்கையும் அதுதான். ஆனால் கள்ளனைத் தடுக்கப் போட்ட படல் வீட்டுக்காரியைத் தெருவில் நிறுத்தினால் படலைத்தான் மாற்றிக் கட்ட வேண்டும்.

என் அப்பா நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் முப்பது ஆண்டு கணக்குப்பிள்ளையாக இருந்தார். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை எல்லாம் அவர் கையெழுத்துத்தான். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டிருப்பார். அந்த ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும். 'மாடு செத்துவிட்டது, அறுப்பு வரை கேட்க வேண்டாம்.' 'தகப்பனாருக்குக் காது கேளாது, தொகையை உரக்கச் சொல்லவும்.' முதலாளி கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் தொகைக்கு முன்னால் அந்த ஓரத்தைத்தான் படிப்பார். நீங்கள் வாங்கியிருக்கும் மென்பொருளில் வரவு இருக்கிறது, பற்று இருக்கிறது, அபராத வட்டிக்குத் தனிக் கட்டம்கூட இருக்கிறது. ஓரம் இல்லை.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சென்னையில் பதினான்கு ஆண்டு மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, அப்பா படுக்கையில் விழுந்தபோது ஊர் திரும்பினேன். இங்கே முதலில் செய்து கொடுத்தது ஓர் ஆலைக்கான நெல் வரவுக் கணக்கு. வண்டி எண்ணைப் பதிந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி அமைத்திருந்தேன். எடைமேடைக்காரர் ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் கணினியைத் துண்டால் மூடிவிட்டு நோட்டுக்கே திரும்பிவிட்டார். பிறகு மூன்று நாள் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வண்டி வந்ததும் அவர் எண்ணைப் பார்ப்பதே இல்லை. மூட்டையில் குத்தூசியைச் செலுத்தி, உருண்டு வரும் நெல்லை உள்ளங்கையில் வாங்கி, ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். ஈரம் என்றால் வண்டி மேடைக்கே ஏறாது. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அன்று முதல் கும்பகோணத்துப் பாத்திரக்கடையோ நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையோ, எங்கே வேலைக்குப் போனாலும் முதல் மூன்று நாள் நான் கணினியைத் திறப்பதில்லை. அந்த வேலையைச் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் தொழிலில் எனக்கு இருக்கும் ஒரே கொள்கை இதுதான்.

எனக்கு முன்பே இதைப் பெரியவர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரங்களை இறக்கிய பிறகும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. அதன் காரணத்தை எரிக் டிரிஸ்ட் என்ற ஆய்வாளரும், தாமே சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் ஆராய்ந்து 1951இல் வெளியிட்டார்கள். இயந்திரத்தில் பழுதில்லை. ஒருவரையொருவர் தெரிந்து தேர்ந்து, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சேர்ந்து செய்துவந்த சிறு குழுக்களைப் புதிய முறை ஷிப்டு ஷிப்டாகக் கலைத்துப் போட்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் நார்வேயில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கமே கிறிஸ்டன் நிகார்டு என்ற கணினி அறிஞரைச் சேர்த்துக்கொண்டு, தொழிற்சாலைக்குள் வரும் கணினியைத் தொழிலாளர்கள் எப்படிப் புரிந்துகொள்வது, எப்படி அதில் தங்கள் சொல்லையும் ஏறச் செய்வது என்று வேலை செய்தது. உங்கள் எழுத்தரிடம் இருபது ஆண்டுப் பழக்கத்தின் அறிவு இருக்கிறது. எந்த வீட்டில் யார் கையெழுத்துப் போடுவார், யார் போடமாட்டார், எந்த நிலம் யாருடைய குத்தகை என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார். புதிய கணினி வந்தபோது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

உங்கள் சங்கத்தை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? எந்தச் சன்னலுக்குப் போனாலும் இதே கதைதான். ஓடிபி வரும் கைபேசி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனிடம் இருக்கும். அவனுக்கு இடைவேளை விடும்வரை தாய் இங்கே வாசற்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுப் பதிவில் கிராமத்தின் பெயரை ஒருவர் தவறாகத் தட்டிவிட்டால், பயிர் மூழ்கிய பிறகுதான் அது விவசாயிக்குத் தெரியவரும். திரையில் வரும் அறிவிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்பவர் அன்று விடுப்பில் இருப்பார். கஜா புயலில் கூரை போனபோதுகூட இந்தச் சனங்கள் யாரிடமும் போய் இப்படிக் கையைக் கையைக் காட்டிக்கொண்டு நின்றதில்லை. மன்னிக்க வேண்டும். உங்களுக்கு எழுத வந்து ஊர்க்குறை எல்லாவற்றையும் உங்கள் தலையில் இறக்குகிறேன். நகைக்கடன் சன்னலுக்கே திரும்புகிறேன்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஆதாரில் விரல்ரேகை மட்டும்தான் உண்டு என்பதில்லை. கருவிழி இருக்கிறது, முகப்பதிவு இருக்கிறது. நியாயவிலைக் கடைக்கு வர முடியாத முதியவர்கள் தமக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்க ஏற்பாடு இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் செலவாகும் என்றால், நான் சொல்வதற்குச் செலவே இல்லை. விரல் விழாதபோது எழுத்தர் அடையாள அட்டையையும் அடகுச் சீட்டையும் சரிபார்க்கட்டும். சங்க உறுப்பினர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். நகை வாங்குபவரை ஒரு படம் எடுத்து வைக்கட்டும். ஏன் இப்படிச் செய்தோம் என்று ஒரு கட்டத்தில் எழுதட்டும். அந்தக் கட்டம்தான் அப்பா விட்ட ஓரம். தணிக்கைக்கு வருபவர் விரல்ரேகையைவிட அதில் அதிகம் தெரிந்துகொள்வார்.

1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததே வட்டிக்காரர்களிடமிருந்து விவசாயியை மீட்பதற்காக. கடைத்தெருவில் இருக்கும் அடகுக்கடையில் அத்தை வளையலை வைத்திருந்தால் வட்டி கூடுதலாகப் போயிருக்கும். ஆனால் அந்தக் கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்திருப்பார். அத்தையும் அன்று திரும்பிவரும்போது அதைத்தான் சொன்னார். அவர் உங்கள் சங்கத்தில் வாக்குரிமை உள்ள உறுப்பினர், உங்கள் வாடிக்கையாளர் மட்டுமல்லர்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். ஆளைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சன்னலில் இருப்பவருக்குக் கொடுங்கள். எழுத்தில் ஓர் ஆணையாகக் கொடுங்கள், நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் அவர் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது. அத்தை வந்து திரும்பிய முதல் நாளுக்குப் பிந்தைய வட்டியைத் தள்ளிவிடுங்கள். மென்பொருளில் அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்க அதைச் செய்து கொடுத்தவர்களிடம் நானே பேசுகிறேன். கூலி வேண்டாம். அதற்கு முன் மூன்று நாள் உங்கள் எழுத்தருக்குப் பக்கத்தில் உட்கார அனுமதி மட்டும் கொடுங்கள்.

வளைகாப்பு வரும் வெள்ளிக்கிழமை. அத்தை புதன்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறார். சாட்சிக் கையெழுத்துப் போட உறுப்பினர்கள் இருவரை அழைத்துக்கொண்டு நானும் கூடவே வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்து உறுப்பினரின் மகள்,
வணிகத் தொழில்நுட்ப ஆலோசகர்