5 வோல்ட் காட்டினால் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்துப் பள்ளி மாணவி ஒருத்தி ‘5 வோல்ட் மின்சாரம்’ தயாரித்தாள், கைப்பேசிக்கே சார்ஜ் ஏற்றலாம் என்று செய்தி போட்டிருந்தீர்கள். அந்தப் பெண் எங்கள் தெருதான். நான் கோத்தகிரியில் 26 ஆண்டுகளாக மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுகிறேன். இனாமல் கம்பியை என் கடையில்தான் வாங்கினாள். செய்தி வந்த மறுநாள் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். “மாமா, போனில் சார்ஜே ஏறவில்லை. எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள்.”

கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரத்தட்டில் 8 காந்தங்கள், வடக்கும் தெற்கும் மாறி மாறி. எதிரே 600 சுற்றுச் சுருள். கம்பி முனைகளில் மின்சாரத்தைத் தடுக்கும் இனாமல் வார்னிஷைப் பிளேடால் செம்பு பளபளக்கச் சுரண்டியிருந்தாள். என்னிடம் வேலை பழக வரும் பையன்களே பாதிப் பேர் இதை மறப்பார்கள். மீட்டரை டி.சி.யில் (நேர் மின்சாரம்) வைத்தால் ஒன்றும் காட்டாது, ஏ.சி.யில்தான் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) வைக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கைப்பிடியைச் சுற்றினோம். 5.2 வோல்ட். செய்தி பொய்யில்லை.

ஆனால் அது எதையும் மாட்டாதபோது சும்மா நிற்கும் வோல்ட். மீட்டர் மின்னோட்டத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். சுருளின் மின்தடையை அளந்தேன்: 40 ஓம். ஏறக்குறைய அதே அளவில் 39 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைச் சுமையாக முனைகளுக்குக் குறுக்கே மாட்டி, மறுபடி சுற்றச் சொன்னேன். “கனக்கிறது மாமா” என்றாள். கனக்கத்தான் செய்யும், அவள் கைவலிதானே மின்சாரமாக மாறுகிறது! மீட்டர் 2.5-க்கு இறங்கிவிட்டது. அதை அதாலேயே பெருக்கி 39-ஆல் வகுத்தால் கிடைக்கும் திறன் 0.16 வாட். சுமை மின்தடையும் சுருளின் மின்தடையும் ஒத்திருக்கும்போதுதான் அதிகபட்சத் திறன் வெளியே வரும். ஆக, அந்தக் கை, அந்த வேகத்தில் அவ்வளவுதான். சாதாரணக் கைப்பேசி சார்ஜரே 5 வோல்ட், 1 ஆம்பியர். அதாவது 5 வாட். முப்பதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஏ.சி.யை டி.சி.யாக்கும் நான்கு டயோடுகள் விழுங்குவது தனிக்கணக்கு. டார்ச் பல்பு ஒன்றை மாட்டிப் பார்த்தோம். இழை செந்நூலாகக்கூடச் சிவக்கவில்லை.

நம் நீலகிரி மலையில் 1932-லிருந்தே பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். பைக்காரா இறுதிநிலைத் திட்டத்தை 150 மெகாவாட் என்றுதான் எழுதுகிறீர்கள், இத்தனை வோல்ட் நிலையம் என்றா எழுதுகிறீர்கள்? பிள்ளைகளின் கருவிக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்? பாராட்டுவது போல் பாராட்டிவிட்டு, ஆகாத காரியத்தை அந்தப் பெண் தலையில் கட்டிவிட்டீர்கள்.

இனி இப்படிச் செய்தி போடும்போது எத்தனை ஓம் சுமையில் எத்தனை வோல்ட் நின்றது என்று நிருபர் ஒரு வரி கேட்டு எழுதட்டும். அவள் இப்போது தடிமனான கம்பியில் புதுச் சுருள் சுற்றுகிறாள். ரெசிஸ்டரை என்னிடமே இரவல் வாங்கிப் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
காயில் கட்டும் கடைக்காரர்,
கோத்தகிரி.