'ஆகவே' என்ற ஒரு சொல்லைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர், கடவுள் எப்போதும் தங்களோடு இருப்பதாகக் கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அப்படியானால் நோயும் விபத்தும் அவர்கள் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போய்விடுகின்றனவா என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியில் ஏளனம் இருப்பதாக எங்கள் சபையில் சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வி நியாயமானது, அப்படியொரு கேள்வி பிறருக்கு எழும்படி பேசிவருகிறவர்கள் நாங்களே என்றும் நினைக்கிறேன். அதனால்தான் அவருக்கு மறுமொழியாகவும், என்னைப் போன்ற விசுவாசிகளுக்கு விண்ணப்பமாகவும் இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 1989-ல் திருமணமாகித் தாராவிக்கு வந்தவள். என் கணவர் தோல் பைகள் தைக்கும் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தார். எங்கள் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளை ஒரு தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்து, அந்த ஆண்டுக்கென்று கர்த்தர் கொடுத்த வசனமாக அதை வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வோம். 2020-ஆம் ஆண்டு பிறந்த இரவில் என் கணவர் கைக்கு வந்தது ஏசாயா 41:10: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." அவருக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது, ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் தொற்று கண்டறியப்பட்டது, ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. மே மாதத்தில் அவர் ஒரு மருத்துவமனையின் கொரோனா வார்டில் ஒன்பது நாள் இருந்து காலமானார். நானோ பிள்ளைகளோ உள்ளே போக வழியில்லை. அடக்கத்துக்கு என் மகன் மட்டும் போனான்.

இதைச் சொல்வது அனுதாபம் தேடி அல்ல. அந்த நாட்களில் இந்த நகரத்தில் எங்களைப் போல எத்தனையோ வீடுகள் இருந்தன. அதற்குப் பிறகு நடந்ததுதான் இக்கடிதத்துக்குக் காரணம். மகாராஷ்டிரத்தில் வழிபாட்டுத் தலங்கள் அந்த நவம்பரில் திறக்கப்பட்டபின் நாங்கள் கூடிய ஸ்தோத்திர ஆராதனை ஒன்றில், சாட்சி சொல்ல, அதாவது கடவுள் தனக்குச் செய்ததைச் சபைக்கு எடுத்துச் சொல்ல எழுந்த சகோதரர் ஒருவர் கண்ணீரோடு, "ஆண்டவர் எங்களோடு இருந்தார், ஆகவே எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை" என்றார். சபையார் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பழக்கத்தில் நானும் சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்த 'ஆகவே' என்ற சொல் முள்ளைப் போல உறுத்தத் தொடங்கியது. அவர் வீட்டில் ஆண்டவர் இருந்தார், ஆகவே ஒன்றும் நேரவில்லை என்றால், என் வீட்டில் நேர்ந்ததே, அதற்கு அர்த்தம் என்ன? அந்தச் சகோதரர் நல்ல மனிதர். ஊரடங்கின்போது எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தவர். என்னைப் புண்படுத்த வேண்டும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். ஆனால் அவர் சொன்ன வாக்கியம் உண்மையானால், என் கணவர் அந்த ஒன்பது நாளும் ஆண்டவரும் இல்லாமல் படுத்திருந்தார் என்று ஆகிவிடும்.

அதன்பின் பல மாதங்கள் வேதாகமத்தில் 'உன்னோடே இருக்கிறேன்' என்று வரும் இடங்களையெல்லாம் தேடித் தேடி வாசித்தேன். நான் இறையியல் படித்தவள் அல்ல. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: அந்த 'ஆகவே' அங்கே இல்லை. "கர்த்தர் யோசேப்போடே இருந்தார்" என்று ஆதியாகமம் 39-ஆம் அதிகாரம் சொல்வது, சகோதரர்கள் அவனைக் குழியில் போட்டு விற்றபின், எகிப்தில் ஒருவன் வீட்டில் அடிமையாய் இருக்கும்போது. அதே அதிகாரத்தில் பொய்க் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனதும், "கர்த்தரோ யோசேப்போடே இருந்து, அவன்மேல் கிருபைவைத்து" என்று மறுபடியும் சொல்கிறது. சிறைக்காவலன் அவனிடம் பொறுப்புகளை ஒப்புவித்தான் என்பது மெய்தான். ஆனால் கதவு திறக்கவில்லை. சிறையில் அவனால் நன்மை பெற்று விடுதலையான, அரசனின் பானபாத்திரக்காரன் அவனை மறந்துவிட, இன்னும் இரண்டு வருடம் அவன் உள்ளேயே கிடந்தான். அந்த இரண்டு வருடத்தில் கர்த்தர் அவனோடு இல்லை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

தங்கள் வாசகர் கேட்ட கேள்வியை ஏறக்குறைய அதே சொற்களில் கேட்ட ஒருவன் நியாயாதிபதிகள் புத்தகத்தில் இருக்கிறான். இஸ்ரவேலரை ஒடுக்கிவந்த மீதியானியருக்குப் பயந்து, கோதுமையை ஆலைக்கு அருகே ஒளித்துப் போரடித்துக்கொண்டிருந்த கிதியோனிடம் தேவதூதன் வந்து, கர்த்தர் உன்னோடே இருக்கிறார் என்று வாழ்த்தியபோது, அவன் உடனே, "கர்த்தர் எங்களோடே இருந்தால், இவையெல்லாம் எங்களுக்கு நேரிடுவானேன்?" என்று கேட்டான். நான் இந்த இடத்தில் நெடுநேரம் நின்றேன். அவனுக்குக் கண்டிப்பு ஏதும் வரவில்லை. விசுவாசம் போதாது என்று யாரும் சொல்லவில்லை. அவன் கேட்ட 'ஏன்' என்பதற்கு நேரான விடையும் வரவில்லை. "நான் உன்னோடேகூட இருப்பேன்" என்ற வாக்கு மட்டுமே மறுபடியும் வந்தது. விடை கிடைக்காதது குறையாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கோ, கேள்வி கேட்டவனை விட்டு அவர் எழுந்து போகவில்லை என்பதே பெரிதாகத் தெரிந்தது.

இன்னும் உண்டு. பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், தான் முதல்முறை விசாரணைக்கு நின்றபோது ஒருவரும் தன்னோடு இருக்கவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்று எழுதிவிட்டு, கர்த்தரோ தனக்குத் துணையாக நின்றார் என்கிறார். அதே அதிகாரத்தில், தன் மரணம் நெருங்கிவிட்டது என்றும் எழுதுகிறார். நம் தென்பாண்டிச் சீமைக்குத் தெரிந்த தேவசகாயம் பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, விசுவாசத்துக்காகச் சிறையும் சித்திரவதையும் பட்டு, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவள் என்றாலும், அவரோடு கடவுள் இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குண்டு பாய்ந்ததால் அந்தச் சந்தேகம் எழ வேண்டும் என்றால், சிலுவையைப் பற்றியும் அது எழ வேண்டும்.

சிலுவையே இதற்கு மையம். மத்தேயுவின் சுவிசேஷம் முதல் அதிகாரத்தில், 'தேவன் நம்மோடு இருக்கிறார்' என்று பொருள்படும் இம்மானுவேல் என்ற பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறது. "சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்ற வாக்கோடு முடிகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கூக்குரல் இருக்கிறது. அதைக் கூப்பிட்டவரே இம்மானுவேல் என்பதுதான் எங்கள் விசுவாசம். ஆகையால், கைவிடப்பட்டதாக ஒரு மனிதன் உணரும் அந்த இடமும் அவருக்குத் தெரியாத இடமல்ல. கடைசி நாட்களில் என் கணவர் எதை உணர்ந்தார் என்பதை நான் அறியேன். ஆனால் அந்த இடம் இயேசு போயிராத இடமல்ல என்பதை அறிவேன்.

இங்கே உணர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடவுளின் உடனிருப்பைப் பழைய தமிழ் வேதாகமம் 'சமுகம்' என்று எழுதியது; அதை இன்று நாங்கள் 'பிரசன்னம்' என்கிறோம். "இன்றைக்குப் பிரசன்னத்தை உணர்ந்தேன்" என்பது கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பாட்டிலும் ஜெபத்திலும் மனம் உருகுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை, நானும் உருகியிருக்கிறேன். ஆனால் 2020 மே முதல் ஏறக்குறைய ஓர் ஆண்டு எனக்கு எந்த உணர்வும் இல்லை. சங்கீதத்தை வாசித்தால் அது எழுத்தாகவே நின்றது. அவர் உடனிருப்பது என் உணர்வைப் பொறுத்ததாக இருந்திருந்தால், அந்த ஓர் ஆண்டும் நான் அநாதை. "நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன்" என்று யோவான் 14-ல் ஆண்டவர் சொன்னபோது, நீங்கள் உணரும்வரை என்று அவர் வரையறை வைக்கவில்லை. அங்கே அவர் வாக்களித்த பரிசுத்த ஆவியானவரைத் தமிழில் தேற்றரவாளன் என்கிறோம். மூலமான கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்படி அழைக்கப்பட்டவர் என்று பொருள்.

அப்படியானால் தடுக்கவும் மாட்டார், சில வேளை உணரவும் முடியாது என்றால், அவர் கூட இருப்பதால் என்ன பயன் என்று அந்த வாசகர் அடுத்ததாகக் கேட்கலாம். நம் ஊர்த் துக்க வீட்டை அவர் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். சாவு விழுந்த வீட்டுக்கு வருகிறவர்கள் போன உயிரைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை. வந்து பாயில் உட்கார்ந்து, அழுகிறவள் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். அவர்கள் வந்ததால் என்ன பயன் என்று எவரும் கேட்டதில்லை. வராமற்போனவரைத்தான் வாழ்நாள் முழுதும் சொல்லிக்காட்டுவோம். வேதத்தில் வரும், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரையில் நல்லவர்களாகவே இருந்தார்கள். காரணம் சொல்ல வாய்திறந்த பிறகுதான் தொல்லை ஆனார்கள். உடனிருப்பது என்பதே எவ்வளவு பெரியது என்பதை, ஒருவரும் வந்து உட்கார முடியாத அந்த மே மாதத்தில் பத்துக்குப் பத்து அறையில் நான் கற்றுக்கொண்டேன்.

என் கணவர் இறப்பதற்கு முந்தின இரவு, அந்த வார்டில் வேலை செய்த, இங்கே மாவ்ஷி என்று அழைக்கப்படும் பணிப்பெண் ஒருவர், பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டே, தன் கைப்பேசியை அவர் காதருகே பிடித்து நாங்கள் பேச வழி செய்தார். அவர் மராத்தியப் பெண். நாங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது. நான் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சொன்னேன். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்ற இடத்தில் எனக்குக் குரல் எழவில்லை. மூச்சிரைப்புக்கு நடுவே அவரே, "தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்" என்று சொல்லி முடித்தார். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து தன்னைத் தூக்கி வெளியே விட்டதாக அவர் சொல்லவில்லை. சங்கீதக்காரனும் அப்படிச் சொல்லவில்லை.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். ஆபத்திலிருந்து தப்பியவர்கள் நன்றி சொல்லட்டும். அது முறையானது, அதை யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் தப்பியதை அவர் உடனிருந்ததற்கு அத்தாட்சியாகக் காட்ட வேண்டாம். அந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் வரிசைகளில் தப்பாதவர்களின் வீட்டாரும் இருக்கிறார்கள். வரும் டிசம்பர் 31 இரவு வருட இறுதி ஆராதனையில், சாட்சி சொல்ல அழைப்பதற்கு முன், அந்த ஆண்டில் மரித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும் என்று எங்கள் சபை மூப்பர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மும்பையிலுள்ள மற்றத் தமிழ்ச் சபைகளும் இதை எண்ணிப் பார்க்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கேள்வி எழுப்பிய அந்த அன்பர் இந்நகரத்தில் இருப்பவரானால், அன்றிரவு எங்களோடு வந்து உட்காரலாம். கிதியோன் கேட்டதைக் கேட்பதற்கு எங்கள் ஆலயத்தில் இடம் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் வாசகி ஒருவர்,
தாராவி, மும்பை.