மகப்பேறு மரணங்களைப் போல மருத்துவமனைத் தொற்றுகளையும் கணக்கெடுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சாலை விபத்தில் அடிபட்டோ பக்கவாதம் தாக்கியோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஒருவர், அந்தப் பாதிப்பிலிருந்து தேறிவரும் வேளையில், வென்டிலேட்டர் குழாய் வழியாகவோ சிறுநீர்க் குழாய் வழியாகவோ உட்புகுந்த கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகளால் உயிரிழக்கிறார். மெரோபெனெம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக் கேட்காமல் போனபின் எஞ்சியிருப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கொலிஸ்டினும் விலை மிகுந்த ஓரிரு புதிய மருந்துகளுமே. இறப்புச் சான்றிதழிலோ அக்கிருமியின் பெயர் இடம்பெறுவது அரிது.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. மெரோபெனெம் உள்ளிட்ட கார்பபெனெம் வகை மருந்துகளைச் சிதைக்கும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில், அந்நொதியைக் கொண்ட 44 கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்து பெறப்பட்டவை. அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்டில், நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான சென்னைப் பிரகடனத்தை உருவாக்கியதும் இதே நகரில்தான். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை மருந்துச் சீட்டின்றி விற்பதற்குக் கடிவாளமிட முயன்றது. ஆனால் அந்த அட்டவணை மருந்துக் கடையோடு நின்றுவிடுகிறது. ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்குக் கைகள் வழியாகப் பரவும் கிருமியை அதனால் தடுக்க இயலாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கவனிக்க 2013 முதல் நடத்திவரும் கண்காணிப்பு வலையமைப்பு அரிய பணியைச் செய்கிறது. வேலூர் சிஎம்சியும் புதுச்சேரி ஜிப்மரும் அதில் பங்காற்றுகின்றன. எனினும் அதன் தரவுகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் நிலையையே காட்டுகின்றன. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சென்ற மாதம் எத்தனை பேருக்குக் குழாய்வழித் தொற்று ஏற்பட்டது என்று கேட்டால், பொதுமக்கள் பார்க்கும்படியான விடை எங்கும் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. மகப்பேறு மரணம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்து, மாவட்ட ஆட்சியர் நிலைவரை காரணங்களை ஆராய்ந்து, அதன் மூலம் தாய்மார்களின் இறப்பைக் குறைத்துக் காட்டிய மாநிலம் இது. அதே ஒழுங்கை மருத்துவமனைத் தொற்றுகளுக்கும் கொண்டுவாருங்கள். வென்டிலேட்டர், மையச் சிரைக் குழாய் (பெரிய இரத்தக் குழாயில் செருகப்படுவது), சிறுநீர்க் குழாய் ஆகிய மூன்றால் வரும் தொற்றுகளை, அவை பொருத்தப்பட்டிருந்த ஒவ்வொரு 1,000 நாளுக்கும் எத்தனை என்ற உலக வழக்கிலான அளவில் கணக்கிட்டு, மருத்துவமனைவாரியாக வெளியிடுங்கள். இங்கிலாந்து 2001-இல் எம்ஆர்எஸ்ஏ என்ற, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமியால் வரும் இரத்தத் தொற்றைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்று விதித்து, 2004-இல் அதைப் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்தது. 2008-க்குள் அந்த இலக்கு எட்டப்பட்டது.

வெளியிடும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பாத மருத்துவமனை, தொற்றே இல்லாததுபோல் கணக்கு காட்டும். நேர்மையாகத் தேடும் மருத்துவமனையோ மோசமானதாகத் தோன்றும். எனவே தொற்று எண்ணிக்கையோடு, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எத்தனை நோயாளிகளின் இரத்தம் கல்ச்சருக்கு அனுப்பப்பட்டது என்பதும் அருகிலேயே அச்சாக வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு இந்த எண்களை வைத்து எந்த மருத்துவரையும் செவிலியரையும் தண்டிக்கக் கூடாது. தண்டனைக்கு அஞ்சினால் எண்கள் குறையும், தொற்று குறையாது.

இதைச் செய்ய ஆள் வேண்டும். கண்காணிப்பும் கட்டுப்பாடும் முறையாக இணைந்திருந்த அமெரிக்க மருத்துவமனைகளில் தொற்று 32 விழுக்காடு குறைந்ததை 1985-இல் வெளியான ஆய்வு காட்டியது. 250 படுக்கைகளுக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் என்பது அதில் ஒரு முக்கிய நிபந்தனை. நம்மிடமோ அப்பொறுப்பை வகிப்பவரே வார்டுப் பணியையும் சேர்த்துப் பார்க்கும் நிலை பல இடங்களில் உள்ளது. அவரை அக்கூடுதல் சுமையிலிருந்து விடுவித்து, முழுநேரப் பணியிடமாக அறிவிக்க வேண்டும். இரவிலும் விடுமுறையிலும் மாதிரிகளை வாங்கி ஆய்வு செய்யும் ஆய்வகம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயங்க வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளை விட்டுவிட்டு இக்கணக்கு முழுமையடையாது. பணம் தீர்ந்ததும், வாரக்கணக்கில் பல ஆன்டிபயாடிக்குகளைப் பெற்ற நோயாளி ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார். அவர் உடலில் எந்தக் கிருமி குடியேறியுள்ளது என்று, அவரை அனுப்பிய மருத்துவமனை தரும் பரிந்துரைச் சீட்டில் ஒரு வரிகூட இருப்பதில்லை. கல்ச்சர் முடிவையும் கொடுத்த ஆன்டிபயாடிக்குகளையும் அச்சீட்டில் எழுதியே ஆக வேண்டும் என்பதை, 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவுக்கான நிபந்தனையாகவே வைக்கலாம். அந்த ஒரு வரி இருந்தால், வந்த முதல் மணி நேரத்திலேயே அவரைத் தனிப்படுத்தி, பக்கத்துப் படுக்கைக்காரரைக் காக்க முடியும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் துறைகள் இருப்பதால், அவற்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்தே இதைத் தொடங்கி, முதல் காலாண்டு அறிக்கையை வெளியிட ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவர்