தலையாட்டி பொம்மையைச் சுற்றியிருந்த தாள்

தில்லைநகர், திருச்சி.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். நவராத்திரிக்காகப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கியபோது, கழுத்துக் கம்பி வளைந்து பல ஆண்டுகளாகக் கொலுப்படி ஏறாமல் கிடந்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை கையில் கிடைத்தது. அதைச் சுற்றியிருந்த நாளிதழைப் பிரித்தால், 2000 ஜனவரி 1, சனிக்கிழமை என்று தேதி இருந்தது. ஓரமெல்லாம் பழுத்து, தொட்டால் அப்பளமாக ஒடிகிறது. பொம்மையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து நான்கு பக்கங்களையும் ஒரு வரி விடாமல் படித்தேன். அப்பா இரண்டு முறை காபி கேட்டதாகப் பிறகுதான் தெரிந்தது.

முதல் பக்கத்தின் மேலே காந்தகார். டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிக் கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகள் எட்டாம் நாள் விடுவிக்கப்பட்ட செய்தி. அதைப் படிக்கையில் இப்போதும் தொண்டை அடைக்கிறது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அதற்குக் கீழே இருந்தவைதான் என்னைத் தனியே உட்கார்ந்து சிரிக்க வைத்தன.

ரஷ்ய அதிபர் யெல்ட்சின் பதவி விலகினார், மார்ச்சில் தேர்தல் நடக்கும் வரை பிரதமர் புதின் தற்காலிக அதிபராக இருப்பார் என்று எட்டே வரிகளில் முடித்திருந்தார்கள். அஞ்சல் தலை அளவுக்கு ஒரு படம். 'தற்காலிக' என்ற சொல்லுக்கு வந்ததும், அடுக்களையிலிருந்து அப்பா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எழுதியவர் மேல் ஒரு தவறும் இல்லை. அன்று அவருக்குத் தெரிந்ததை அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

இரண்டாம் பக்கத்தில், இருபத்தொன்றாம் நூற்றாண்டு பிறந்துவிட்டதா இல்லையா என்று ஒரு கட்டுரை. உன் தாத்தா அன்று காலை அதைப் படித்துவிட்டு, புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி உனக்கு எண்ணிக் காட்டியது நினைவிருக்கிறதா? சுழியம் என்று ஓர் ஆண்டே கிடையாது, ஒன்றில் தொடங்கினால் நூறாவது கொட்டை பழைய குவியலில்தான் சேரும், ஆகவே புது நூற்றாண்டு 2001-இல்தான் பிறக்கும் என்றார். கணக்கு அவர் பக்கம்தான். ஆனாலும் தெருவே வெடி வெடித்துக் கொண்டாடியது. கடைசிப் பக்கத்தில் கிரிக்கெட்: மெல்போர்னில் 180 ரன் வித்தியாசத்தில் தோற்ற நம் அணி சிட்னியில் மீளும் என்று கொட்டை எழுத்தில் நம்பிக்கை. நீயும் மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தாய். அந்த டெஸ்ட் மூன்றே நாளில் இன்னிங்ஸ் தோல்வியில் முடிந்தது. வி.வி.எஸ். லட்சுமண் அடித்த 167 மட்டும் மிச்சம்.

நான் சொல்ல வந்தது முதல் பக்கத்தின் இடது ஓரத்தில் இருந்த செய்தி. நியூசிலாந்தில் நள்ளிரவு கடந்தும் மின்விளக்குகள் எரிகின்றன என்பது தலைப்பு! விளக்கு எரிவது ஒரு செய்தியாக முதல் பக்கத்துக்கு வந்தது உலகத்திலேயே அந்த ஒரு நாள்தான் இருக்கும். அவர்களுக்கு நள்ளிரவு என்றால் நமக்கு மாலை நாலரை. சீனாவில் விமான நிறுவன அதிகாரிகள் அந்த இரவு விமானத்தில் பறந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டதையும் அருகிலேயே ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தார்கள்.

இன்று படிப்பவர்களுக்கு இது வேடிக்கைதான். 2000 பிறந்ததும் கணினிகள் தேதி குழம்பி நின்றுபோகும் என்று அஞ்சிய அந்த ஒய்-டூ-கே என்பதே வெறும் புரளி என்று சொல்பவர்களை நானே கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கணினியில் நினைவகம் விலை உயர்ந்திருந்த காலத்தில், இடத்தை மிச்சப்படுத்த ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதிவைத்தார்கள். 99-க்குப் பிறகு 00 வரும்போது இயந்திரம் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் சோதனைக்காக ஒரு பொய்க் கணக்கைத் திறந்து, 98-இல் போட்டு 2001-இல் முதிரும் ஃபிக்ஸட் டெபாசிட் ஒன்றைப் பதிந்து பார்த்தோம். அது எப்போதோ முதிர்ந்துவிட்டதாகத் திரை காட்டியது. நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் எடுத்துச் சென்ற வீடியோ கேசட்டை நூறு ஆண்டு தாமதமாகத் திருப்பியதாக, கடைக் கணினி 91,250 டாலர் கேட்டதைப் பின்னர் படித்தபோது எனக்கு அந்தத் திரைதான் நினைவுக்கு வந்தது. திருத்தாமல் விட்டிருந்தால் அந்தக் கடையின் கதை எங்கள் பாஸ்புக்குகளிலும் நடந்திருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இரவு பகலாக உட்கார்ந்து கோபோல் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரல்களை வரி வரியாகத் திருத்தினார்கள்.

டிசம்பர் 31 இரவு நாங்கள் ஆறு பேர் கிளையில் இருந்தோம். எல்லாக் கணக்குகளின் இருப்பையும் முன்னெச்சரிக்கையாகத் தாளில் எடுத்துக்கொண்டிருந்தோம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று அடித்துக்கொண்டே இருக்க, ஓரத்தில் துளையிட்ட தாள் மடிப்பு மடிப்பாக விழுந்து என் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். எட்டு வயதுப் பிள்ளை நீ தூங்காமல் காத்திருந்து, "அம்மா, ஃபேன் சுத்துதும்மா!" என்று கத்தினாய்.

சென்ற வாரம் நீ பேசும்போது, இரவெல்லாம் விழித்துக் கணினிச் சர்வர்கள் விழாமல் பார்த்துக்கொண்டாலும் விழாத ஒன்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்று குரல் தாழ்ந்து சொன்னாய். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தத் தாளைப் படித்த பிறகு உனக்கு உடனே எழுதவேண்டும் என்று தோன்றியது. நான் கேட்கிறேனப்பா. எது விழ இருந்தது, எப்படித் தாங்கிப் பிடித்தாய் என்று, எனக்குப் புரிகிற தமிழில், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முழுவதும் சொல்.

தலையாட்டியின் கம்பியை அப்பா நிமிர்த்திக் கொடுத்தார், இந்த வருஷம் மூன்றாம் படியில் நின்று ஆடுகிறது. கொலு முடிந்ததும் அதைப் புதுத் தாளில் சுற்றிவிடுவேன். பழைய தாள் பீரோவில், உன் பள்ளிச் சான்றிதழ்களோடு இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் பார்.

அன்புடன்,
அம்மா